ஒட்டுமா, ஒட்டாதா?

கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்போது செட்டியார் பொம்மையின் கை தனியாக வருகிறது. பையனுடைய செருப்பு வாயைப் பிளக்கிறது. குளியலறை ஓரத்தில் நீர் கசிந்து, கீழ்ப் போர்ஷன்காரர்களின் கூரையில் தேசப்படம் வரைகிறது. இதற்கெல்லாம், "ஏதாவது போட்டு ஒட்டிவிடேன்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டு ஆண்கள் ஆபீசுக்குக் கிளம்பி விடுகிறார்கள். அந்த 'ஏதாவது' என்ன என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது!

நானும் அப்படி ஒரு 'ஏதாவது' வாங்கி அவமானப்பட்டவள்தான். சென்ற சித்திரை மாதம் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் அழ ஆரம்பித்தது. வார்ப்பிரும்பினாலான பம்பு, அதன் வயிற்றில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். போன தடவை பழுது பார்த்தவர்கள் கழற்றி இறக்கும்போது கை நழுவிக் கீழே போட்டிருக்கிறார்கள். அப்போது தெரியவில்லை, இப்போது சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரரோ வெளியூரில். கடைத்தெருவுக்கு ஓடினேன்.

"எதை வேணுமானாலும் ஒட்டும், மேடம்! யானையையே கட்டித் தொங்க விடலாம்" என்று கடைப் பையன் சுண்டுவிரல் அளவு டியூப் ஒன்றைக் கொடுத்தான். யானையை எதற்காகத் தொங்கவிட வேண்டும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, சொட்டிக் கொண்டிருந்த விரிசல் மேலேயே பிதுக்கினேன். அது வெள்ளையாக நுரைத்துக் கட்டி தட்டியது. கூடவே என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இணைபிரியாத தம்பதிகளாகிவிட்டன. ராத்திரி எட்டு மணிக்குப் பம்பு மறுபடியும் அழுதது.

மறுநாள் காடி வாசனை அடிக்கும் வேறொரு பசையை வாங்கிப் பூசினேன். அது பாலேடு போல முழுசாக உரிந்து வந்தது. என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "திரி இல்லாமல் எண்ணெய் ஊற்றின மாதிரி இருக்கு. செலவும் ஆச்சு, வெளிச்சமும் வரல்லே!"

அப்புறந்தான் மாடிப் போர்ஷன் மாமா ஞாபகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வருஷம் தொழிற்சாலைகளில் யந்திரப் பராமரிப்புப் பகுதியில் இருந்து, போர்மனாக ரிடையர் ஆனவர். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே, உங்களுக்கும் அவர் மாடி மாமாதான்.

மாமா வந்தார். பம்பைப் பார்த்தார். நான் பூசிய இரண்டு பூச்சுக்களையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, வியர்வை வழியற நெத்தியிலே ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா?" என்று கேட்டார்.

நிற்காது. அது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே! அது தெரிந்த நமக்கு, நனைந்த இரும்பில் பசை நிற்காது என்று ஏன் தோன்றவில்லை?

"ஒட்டறது, அடைக்கறது, நிரப்பறது. மூணும் மூணு தொழில்" என்று ஆரம்பித்தார் மாமா. "நீங்க எல்லாத்தையும் பசைங்கறீங்க. அங்கேதான் கோளாறு."

ஒட்டும் பசையின் வேலை பாரம் தாங்குவது. இரண்டு பொருள்களுக்கு நடுவில் மெல்லிய படலமாக நின்று, இரண்டையும் பிரியவிடாமல் பிடித்துக் கொள்ள வேண்டும். அடைக்கும் பசைக்கு அவ்வளவு பலம் வேண்டாம். ஆனால் வளைந்து கொடுக்கிற குணம் வேண்டும். குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அது மூடியை ஒட்டுவதில்லை, இடுக்கை அடைக்கிறது. தம் பிரியாணிப் பாத்திரத்தின் வாயில் மாவைச் சுற்றுகிறோமே, அதுவும் இந்த இனந்தான். நிரப்பும் பசையோ தானே உடம்பாக நிற்க வேண்டும். பல் வைத்தியர் சொத்தைப் பல்லைக் குடைந்து அடைத்து விடுகிறாரே, அந்த மாதிரி. யந்திரத்தில் தேய்ந்து போன இடத்தையும் பொத்தல் விழுந்த இடத்தையும் இது இட்டு நிரப்ப வேண்டும். நிரப்பிய பிறகு அதை அரத்தால் ராவலாம், துளை போடலாம், கடைசல் கூடப் பிடிக்கலாம்.

நான் வாங்கிய முதல் டியூப் ஒட்டும் இனம். அதுவும் மெல்லிய இடுக்குக்கு ஏற்பட்டது. இரண்டாவது அடைக்கும் இனம். என் பம்புக்கு வேண்டியிருந்ததோ நிரப்பும் இனம். பல் வலிக்குக் கண் வைத்தியரிடம் போனவள் கதையாக முடிந்தது.

நம் முன்னோர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது. தச்சர் மரத்தை ஒட்ட வஜ்ஜிரத்தைக் காய்ச்சினார். மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது அது. காய்ந்த மரத்தில் பிரமாதமாகப் பிடிக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஆகையால் படகு கட்டுகிறவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பலகைகளின் இடுக்கில் பஞ்சையோ நாரையோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். கலப்பற்று அடிப்பது என்று அதற்குப் பெயர். கொத்தனார் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தார். தட்டார் அரக்கை இளக்கி நகைக்குள் நிரப்பினார். ஒருவர் சரக்கை இன்னொருவர் தொடவில்லை. இப்போது நமக்குத்தான் எல்லாம் ஒரே கடையில், ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டியூப்பில் வந்து விடுகிறது. அதனால் வந்த குழப்பம் இது!

இன்று தொழிற்சாலைப் பழுதுக்கெல்லாம் முதலில் கை போவது எபாக்ஸியின் பக்கந்தான். இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதைக் கெட்டிப்படுத்தும் சரக்கு. எபாக்ஸியின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. ஸ்விட்ஸர்லாந்தில் பியேர் காஸ்தான் என்ற ரஸாயன நிபுணர் 1930-களில் இந்தப் பிசினில் ஆராய்ச்சி செய்தது பொய்ப்பல் செட்டுக்காக! பல் செட்டுச் சமாசாரம் சோபிக்கவில்லை. ஆனால் அதே பிசின்தான் பின்னால் 'அரால்டைட்' என்ற பெயரில் உலகமெல்லாம் போயிற்று. அதிலே இரும்புத் தூளைக் கலந்தால் இரும்பை நிரப்பும் மாவு; அலுமினியத் தூளைக் கலந்தால் அலுமினியத்துக்கு; மணலும் சேறும் ஓடி அரிக்கிற பம்புக்குப் பீங்கான் தூள் கலந்தது.

தூள் எதற்காக என்று கேட்டேன். விலை மலிவுக்காக இருக்கும் என்பது என் ஊகம். மாமா சிரித்தார். சூடு பட்டால் எந்தப் பொருளும் கொஞ்சம் விரிவடையும் அல்லவா? வெறும் எபாக்ஸி, இரும்பைப் போல் நாலைந்து மடங்கு விரியுமாம். இரும்புக்குள் அதை அடைத்துவிட்டு யந்திரத்தை ஓட்டினால், இரும்பு ஒரு நடை நடக்கிறது, பிசின் நாலு நடை நடக்கிறது. சூடாவதும் ஆறுவதுமாக நாலு நாள் போனால் விளிம்பு பிரிந்து விடும். தூள் கலந்தால் பிசினின் அவசரம் அடங்கி, கிட்டத்தட்ட இரும்போடு சேர்ந்து நடக்கும்.

இதைச் சொல்லிக் கொண்டே மாமா சட்டைப் பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக் கொண்டார். "இது என்ன, ஆபரேஷனா?" என்று என் மாமியார் கேட்டார்.

"அக்கா, முதல் பத்து வருஷம் வெறுங்கையாலே பிசைஞ்சேன். ஒண்ணும் ஆகல்லே. பதினோராம் வருஷம் மணிக்கட்டு பூரா கொப்புளம். அன்னிலேருந்து இந்தச் சரக்கு ஒரு துளி பட்டாலும் உடம்பு பொறுத்துக்க மாட்டேங்கறது."

எபாக்ஸியைக் கெட்டிப்படுத்தும் சரக்கின் குணம் அது. சிலருக்குத் தோல் ஒரு முறை கோபித்துக் கொண்டால் ஆயுசு பூராவும் கோபந்தான். வீட்டில் சின்ன டியூப்பை உபயோகிக்கும் சகோதரிகளும் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். எதுவும் ஆகவில்லையே என்று பத்து வருஷம் நினைத்தவர்தான் மாமாவும்.

பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் இதற்கும் பொருத்தம் உண்டாம். என்ன உலோகம்? தண்ணீர் படுமா, எண்ணெயா, பெட்ரோலா, அமிலமா? எவ்வளவு சூடு? அதிருமா, சும்மா இருக்குமா? எந்தப் பக்கமாக இழுபடும்? மறுபடி கழற்ற வேண்டிய இடமா? எல்லாவற்றுக்கும் கடைசியில், எத்தனை நேரம் யந்திரத்தை நிறுத்தி வைக்கலாம்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரிய பெரிய தொழிற்சாலைகளே தோற்றுப் போகின்றன என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அவருக்கு முப்பது வயதிருக்கும்போது நடந்ததாம். ஓர் ஆலையில் வெந்நீர் ஓடும் குழாயின் வளைவில் ஊசித் துவாரம். முறைப்படி வளைவையே மாற்ற வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். மேலே இருந்தவர், "சாயங்காலத்துக்குள் ஓட வேண்டும்" என்றார். மாமா கையில் இருந்த எபாக்ஸி மாவைப் பிசைந்து அப்பினார். பச்சைத் தண்ணீரை அழுத்தத்தோடு விட்டுச் சோதித்தார். ஒரு சொட்டு வரவில்லை. எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

மூன்றாம் நாள், பக்கத்தில் வேலை செய்து கொண்டிருந்த உதவியாள் பையன் அலறினான். பூச்சு இளகி நழுவி, கொதிக்கும் தண்ணீர் அவன் முழங்கையில் பீறிட்டு அடித்து விட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி.

"அறைச் சூட்டிலே காயற சாதாரண எபாக்ஸி, அறுபது எழுபது டிகிரி தாண்டினா இளக ஆரம்பிச்சுடும்மா. உடையாது, இளகும். அதே டப்பாவிலே பின்பக்கம் எழுதியிருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் படிச்சேன்."

மாமா இதைச் சொன்னபோது பம்பைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் வீட்டுக்குள் வந்து, பத்திரிகைக்காரி புத்தியினால், இதைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். மாமா செய்த அதே தவறைப் பெரிய பெரிய இன்ஜினீயர்களெல்லாம் சேர்ந்து செய்த கதை ஒன்று அகப்பட்டது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், ஊருக்கு அடியிலேயே சாலைகளைக் கொண்டு போகும் மகத்தான வேலை ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. அதில் விமான நிலையத்துக்குப் போகும் சுரங்கச் சாலையில், காற்றோட்டத்துக்காக ஒரு பொய்க் கூரை கட்டினார்கள். கான்கிரீட் பலகைகள், ஒவ்வொன்றும் சுமார் 2 டன் எடை. அவற்றைத் தொங்கவிட, சுரங்கத்தின் மேல்தளத்தில் கீழிருந்து மேலாகத் துளை போட்டு, எபாக்ஸியை நிரப்பி, இரும்பு முளைகளைச் செருகினார்கள். முளையைப் பிடித்து நிற்பது பசை ஒன்றுதான். அந்த யானையைத் தொங்கவிடுகிற கதை இங்கே நிஜமாகிவிட்டது, பாருங்கள்!

அந்த எபாக்ஸியில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று நிதானமாகக் காய்வது, மற்றொன்று சீக்கிரம் காய்வது. சீக்கிர ரகம் கூரைக்குப் போயிற்று. இரண்டும் அன்றைய சோதனையில் ஒரே பலம் காட்டும். ஆனால் சீக்கிர ரகத்துக்கு ஒரு குணம்: பாரத்தை விடாமல் மாதக்கணக்கில் தாங்கச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல நீண்டு கொடுத்துவிடும். கோதுமை அல்வாவை விரலால் தட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கிறது. தட்டைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அந்த மாதிரி.

கட்டிக் கொண்டிருந்தபோதே, 1999-ல், சில முளைகள் சற்றுக் கீழே இறங்கியிருப்பது தெரிய வந்தது. எடுத்துவிட்டுத் திரும்பப் பதித்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், சோதனை தேறியது. சற்று நேரம் இழுத்துப் பார்க்கிற சோதனை அது. வருஷக்கணக்கில் தொங்குவதைப் பற்றி அது என்ன சொல்லும்? 2003-ல் சாலை திறந்தாயிற்று. 2006-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி இரவு, ஒரு தம்பதி காரில் விமான நிலையத்தை நோக்கிப் போய்க் கொண்டிருந்தார்கள். சுமார் 26 டன் கான்கிரீட்டும் இரும்பும் காரின் மேலும் சாலையின் மேலுமாக விழுந்தன. கணவர் சிறு காயங்களோடு ஊர்ந்து வெளியே வந்தார். மனைவி வரவில்லை. அவருக்கு வயது 38.

மறு வருஷம் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கை, நீண்ட காலப் பாரத்துக்கு லாயக்கில்லாத பசையைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம் என்று சொல்லிற்று. திறந்த பிறகு அந்தக் கூரையை முறையாக அவ்வப்போது பார்வையிட ஏற்பாடு இருந்திருந்தால், முளைகள் இறங்குவது முன்னாலேயே தெரிந்திருக்கும் என்றும் சொல்லிற்று.

இன்னொரு சம்பவம் ஹவாய்த் தீவுகளில், 1988 ஏப்ரல் 28-ஆம் தேதி நடந்தது. அலோஹா விமானக் கம்பெனியின் போயிங் விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்து கொண்டிருந்தபோது, முன்பக்கத்துக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக் கொண்டு போயிற்று. பிரயாணிகள் தலைக்கு மேலே வெறும் ஆகாயம்! இடுப்பு வார் கட்டியிருந்ததால் அவர்கள் தப்பினார்கள். நின்று கொண்டு உபசாரம் செய்து கொண்டிருந்த முதிய பணிப்பெண் ஒருவர் மட்டும் காற்றோடு போய்விட்டார். விமானிகள் எப்படியோ தரையிறக்கிவிட்டார்கள். விமானத்தில் இருந்த 95 பேரில் உயிரிழந்தவர் அவர் ஒருவரே.

இங்கேயும் கதாநாயகன் பசைதான். விமானத்தின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில், எபாக்ஸி தோய்த்த மெல்லிய துணியை வைத்து ஒட்டி, ஆணியும் அடித்திருந்தார்கள். அந்தத் துணி அறைச் சூட்டிலேயே காய்ந்துவிடும் ஆகையால், உபயோகிக்கும் வரையில் குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிரிலிருந்து வெளியே எடுத்தால் என்ன ஆகும்? ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரத்துக்கு என்ன ஆகுமோ அதுதான். வியர்க்கும். ஈரமான துணி, சில இடங்களில் சரியாகச் சுத்தம் செய்யாத தகடு. ஒட்டு அங்கங்கே பிடிக்கவில்லை. நாளடைவில் உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து, பசை தாங்க வேண்டிய பாரமெல்லாம் ஆணிகளின் தலையில் விழுந்தது. அந்த விமானம் 1969-ல் கட்டியது. ஏறியும் இறங்கியும் 89,680 தடவை பறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உடம்பு உப்பிச் சுருங்கும். ஆணித்துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் கிளம்பி, ஒரு நாள் கைகோத்துக் கொண்டன. போயிங் கம்பெனி இந்த ஒட்டுமுறையை 1972-லேயே கைவிட்டிருந்தது. ஆனால் முன்னால் கட்டியவை பறந்து கொண்டுதானே இருந்தன?

இதிலே என் மனத்தை விட்டு அகலாத விஷயம் ஒன்று உண்டு. அன்று விமானத்தில் ஏறும்போது, ஒரு பெண் பிரயாணி கதவுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். "நமக்கென்ன தெரியும்" என்று நினைத்தாரோ, என்னவோ, யாரிடமும் சொல்லவில்லை.

இருக்கட்டும். மாடி மாமாவிடம் திரும்புவோம். அவர் எனக்குச் சொன்னவற்றில் சந்தோஷமான கதைகளும் உண்டு. அதிரும் யந்திரங்களில் திருகாணிகள் தானே கழன்று போவது தொழிற்சாலைக்காரர்களுக்குப் பழைய தலைவலி. இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் வெர்னன் க்ரீபிள் என்ற அமெரிக்க ரஸாயனப் பேராசிரியர். அவருடைய சரக்கு காற்றுப் பட்டால் திரவமாகவே இருக்கும். காற்று அகப்படாத இடத்தில், உலோகம் தொட்டுக் கொண்டிருந்தால், கல்லாக இறுகிவிடும். நாம் பார்த்த பசையெல்லாம் காற்றில் காய்வது. இது நேர் விரோதம்! திருகாணியின் புரிகளுக்குள் காற்று ஏது? ஆகையால் அங்கே இறுகிக் கொள்கிறது. அதே காரணத்தால்தான் அந்தக் குப்பியை முழுக்க நிரப்பாமல் பாதியோடு விட்டிருக்கிறார்கள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டை போடாதீர்கள். மேலே இருக்கும் காற்றுதான் சரக்கைக் காப்பாற்றுகிறது. இதற்கு 'லாக்டைட்' என்று பெயர் சூட்டியவர் பேராசிரியரின் மருமகள் என்று சொல்வார்கள். மாமியார் வீட்டில் மருமகள் பேச்சு எடுபட்டதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா?

என் விரல்களை ஒட்டிய டியூப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1942-ல் கோடக் கம்பெனியைச் சேர்ந்த ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்காக ஆராய்ச்சி செய்தபோது அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக் கொள்கிறதே என்று சலித்து ஒதுக்கி விட்டார்கள். ஒன்பது வருஷம் கழித்து மறுபடி கையில் அகப்பட்ட பிறகுதான், ஒட்டிக் கொள்வதே அதன் மகிமை என்று புரிந்தது! 1958-ல் விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பொருள்களின் மேலும் இருக்கும் இலேசான ஈரமே இதை இறுக வைக்கிறது. இலேசான ஈரம் என்பதைக் கவனியுங்கள். என்னைப்போல் தண்ணீர் சொட்டும் இடத்தில் போட்டால் வெள்ளைப் பொறிதான் மிச்சம். நேராக இழுத்தால் மலைபோல் தாங்கும். ஓரத்தில் நெம்பினால் பட்டென்று விட்டுவிடும். பருத்தித் துணியில் கொட்டினால் சுரீரென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும். பருத்திப் புடவை கட்டிக் கொண்டு மடியில் வைத்து ஒட்டும் வழக்கம் வேண்டவே வேண்டாம். விரல் ஒட்டிக் கொண்டால் பிடுங்காதீர்கள். சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

காடி வாசனைப் பசை ஸிலிக்கான். காயும்போது அது விடும் வாசனை அசல் காடியினுடையதே. 200 டிகிரி சூட்டைக்கூடத் தாங்கும். ரப்பர் போல் வளையும். குளியலறை ஓரத்துக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் அருமையானது. ஆனால் அந்தப் புளிப்பு, செம்பையும் பித்தளையையும் இரும்பையும் அரிக்கும். உலோகத்துக்குப் புளிப்பு இல்லாத ரகம் தனியாக இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் படும் இடத்தில் ஸிலிக்கான் உப்பிக் கெட்டுப் போகும். அது பூசிய இடத்தில் அப்புறம் பெயிண்டும் பிடிக்காது.

பிளாஸ்டிக் வாளியைப் பற்றியும் கேட்டேன். மாமா வாளியைக் கவிழ்த்து அடியில் இருந்த முக்கோண முத்திரையைக் காட்டினார். அதற்குள் 2, 4, 5 என்ற எண்கள் இருந்தால் அநேகமாக எந்தப் பசையும் ஒட்டாது; மெழுகின் மேல் கோலம் போட்ட மாதிரி. சூடு காட்டி இளக்கிச் சேர்க்கத்தான் வேண்டும். தண்ணீர்க் குழாய்களுக்குப் போடும் பி.வி.ஸி. வேறு சமாசாரம். அதன் பசை குழாயின் மேற்புறத்தையே கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறது.

"மிக்ஸி ஜாடி ஒழுகறதே, அதுக்கு?" என்று மாமியார் குறுக்கே கேட்டார். மாமாவின் முகம் கடுமையாகிவிட்டது. சாப்பாடு படும் இடத்தில் தொழிற்சாலைச் சரக்கு கூடவே கூடாதாம். ஜாடியின் வளையத்தை மாற்ற வேண்டும். குக்கர் வளையம் கெட்டால் புதிது வாங்க வேண்டும். காஸ் அடுப்பின் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் பசையும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். சிலிண்டரை மூடிவிட்டுக் குழாயையே மாற்ற வேண்டும். கசிகிறதா என்று சந்தேகமானால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள்; கொப்புளம் வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் சூரர்களும் இருக்கிறார்களாம்!

இனிப் பம்பு வைத்தியம். ஒட்டும் வேலை அரை மணி. அதற்கு முந்திய வேலை அரை நாள். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, பம்பைக் கழற்றினார். விரிசலின் இரு முனைகளிலும் சின்னத் துளை போட்டார். புடவையில் கிழிசல் மேலே ஓடாமல் முனையில் ஒரு தையல் போடுகிறோமே, அதே தந்திரம். பிறகு விரிசல் நெடுகச் சின்ன வாய்க்கால்போல் அரத்தால் வெட்டினார். பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக்கினார். வார்ப்பிரும்புக்கு நுண்ணிய துவாரங்கள் உண்டு. எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். ஆகவே ஊதுவிளக்கால் இலேசாகச் சூடு காட்டினார். நிஜமாகவே இரும்பு எண்ணெய் வியர்த்தது! துடைத்தார், அஸிடோனால் கழுவினார், மறுபடி சூடு, மறுபடி துடைப்பு. கடைசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. தகடாகப் பரவினால் சுத்தம். மூன்றாம் தடவைதான் பரவியது. அந்தத் தண்ணீரையும் நன்றாக உலர்த்தினார்.

இரும்புத்தூள் எபாக்ஸியை அளந்து கலந்தார். சீக்கிரம் காயட்டும் என்று கெட்டிப்படுத்தும் சரக்கை நான் கொஞ்சம் தாராளமாக எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. எபாக்ஸிக்கு அது உப்பு மாதிரி அல்ல, தாலிக்கயிற்றின் முடிச்சு மாதிரியாம். இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்று கணக்கு. அதிகம் போட்டால் சீக்கிரம் காயாது, பலவீனமாகத்தான் காயும். முதலில் மெல்லிய பூச்சு, இரும்புக்குள் ஏறும்படி அழுத்தித் தேய்த்து. அதன் மேல் மாவு. நடுவில் கண்ணாடி நூல் துணி ஒரு துண்டு.

"இருபத்து நாலு மணி நேரம் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அந்த இருபத்து நாலு மணி நேரத்தை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். நாலு குடித்தனத்துக்கும் கிணற்றில் ராட்டினம் போட்டு இறைத்தோம். அந்தி வேளையில் நான் பூச்சைத் தொட்டுப் பார்த்தேன்; கல்லாகத்தான் இருந்தது. "போட்டுப் பார்க்கலாமா, மாமா?" என்று கீழிருந்து குரல் கொடுத்தேன். மாடியிலிருந்து பதில் வரவில்லை. எனக்கும் அந்த உதவியாள் பையனின் நினைவு வந்துவிட்டது. சுவிட்சின் பக்கம் போகாமல் இன்னும் இரண்டு குடம் இறைத்தேன்.

மறுநாள் மாலை மாமா பம்பைப் பூட்டி ஓடவிட்டார். பழைய செய்தித்தாள் ஒன்றைக் கிழித்துப் பூச்சின் மேல் சுற்றி, கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். தாள் காய்ந்திருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் அன்றைய தேதியை எழுதி, "மாசத்துக்கு ஒரு தடவை இதே மாதிரி தாளைச் சுத்திப் பாரும்மா. ஈரம் தட்டினா அன்னிக்கே சொல்லு" என்றார்.

நான் காப்பி கலக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் மாமியார் கை உடைந்த செட்டியாரை முந்தானையில் துடைத்து, மாமாவிடம் நீட்டிக் கொண்டிருந்தார்.

மாமா அதை வாங்கி உடைந்த இடத்தை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் வைத்துக் கொண்டார். "அக்கா, இது மண்ணா, காகிதக் கூழா?"